தேய்மானம் என்றொரு சொல்

தமிழில் தேய்மானம் என்ற சொல் பொருள்களுக்கு உரியது. செருப்புத் தேயும், டயர் தேயும், சாணை பிடித்துப் பிடித்து அரிவாள் தேயும். அம்மியும் ஆட்டுக்கல்லும் தேய்ந்தால் கொத்துவதற்குத் தெருவில் ஆள் வருவார். பழைய சங்கிலியை எடைபோடும் நகைக்கடைக்காரர் தேய்மானம் என்று சொல்லி ஒரு தொகையைக் கழிப்பார். கணக்கர்கள் இயந்திரங்களின் மதிப்பில் ஆண்டுதோறும் அதே பெயரில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். நிலவு ஒன்றுதான் தேய்ந்தபின் வளர்கிறது. மற்றவையெல்லாம் தேய்ந்தால் தேய்ந்ததுதான். இச்சொல்லுக்குள் யாரும் சொல்லாமலே ஓர் அறிவுரையும் அடங்கியிருக்கிறது: பயன்படுத்தினால் தேயும், ஆகவே குறைவாகப் பயன்படுத்து. நல்ல செருப்பைக் கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுத்துவைப்பது போல.

இந்தச் சொல்லைத்தான் நாம் இடுப்பு வலிக்காரர்களின் முதுகெலும்புக்கு வழங்கிக்கொண்டிருக்கிறோம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஜெனரேஷன்' என்றிருப்பது வாய்மொழியில் தேய்மானம் ஆகிறது. 'பல்ஜ்' என்றிருப்பது ஜவ்வு பிதுங்கல் அல்லது டிஸ்க் விலகல் ஆகிறது. இந்த மொழிபெயர்ப்பை யார் தொடங்கிவைத்தார்கள் என்பது முக்கியமல்ல. அது மனிதர்களை என்ன செய்கிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். இரண்டு மாதம் நீடித்த இடுப்பு வலிக்குப் பிறகு யாரோ சொல்லி ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெரிய வெள்ளை உறை, அதற்குள் கறுப்புப் படலங்கள், இரண்டு பக்க ஆங்கில அறிக்கை. "நீதான் படிச்சவன், என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றாள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு முதுகெலும்பைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் எழுவதில்லை. ஆங்கில எழுத்தில் எது வந்தாலும், அது நிலப்பத்திரமோ மருந்துச் சீட்டோ, வாத்தியார் வீட்டுக்கு வந்துவிடும்.

நான் வாசிப்பதற்கு முன்பே அவளுக்குத் தீர்ப்பு கிடைத்திருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் உறையைக் கையில் கொடுத்த யாரோ ஒருவர், "தேய்மானம் இருக்கும்மா, நரம்பை அழுத்துது, கனமா எதையும் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து அக்கா தரையில் உட்காரவில்லை. குடம் எடுக்கவில்லை. பேரன் கை நீட்டினால் அவனைத் தூக்காமல் தலையைத் தடவினாள். கோலம் போடுவது நின்றது. நடக்கும்போதுகூட முழங்கை மட்டத்துக்கு நீர் நிறைந்த பாத்திரம் ஒன்றை ஏந்திச் செல்பவள் போல உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டாள். படம் எடுப்பதற்கு முந்தைய வாரம் வரை இதே முதுகோடு, இதே வலியோடு, இவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தவள்.

அறிக்கையில் இருந்தவை அதிகம் விலகாமல் இவைதாம்: எல்4-எல்5, எல்5-எஸ்1 ஆகிய இரண்டு மட்டங்களில் டிஸ்க் நீர் வற்றல்; அவ்விரு இடங்களிலும் பரவலான பிதுக்கம்; எல்4-எல்5 மட்டத்தில் தீக்கல் சாக் எனப்படும் உறையின் மீது லேசான பதிவு; முள்ளெலும்புகளின் ஓரங்களில் சிறு எலும்பு வளர்ச்சி. கடைசி வரி: நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும். நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்ட வரையில், அந்த அறிக்கையில் மிகவும் கனமான வரி அந்தக் கடைசி வரிதான். அதை யாரும் வாசிப்பதில்லை. சுற்றறிக்கைகளின் அடியில் வரும் 'தங்கள் உண்மையுள்ள' போல அது ஒரு மரபுத்தொடராகப் போய்விட்டது.

இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று முதலில் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. பார்ப்பது பெரும்பாலும் நீரை. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுள்ள காந்தத்துக்குள் உடம்பைப் படுக்கவைத்து, ரேடியோ அலையால் ஹைட்ரஜன் அணுக்கருக்களைத் தட்டி எழுப்பி, அவை மீண்டும் அடங்கும்போது அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு, அதிலிருந்து ஓர் உருவத்தைக் கட்டுகிறது. இப்படிப் படம் கட்டலாம் என்று பால் லாட்டர்பர் 1973இல் காட்டினார். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பது நீரிலும் கொழுப்பிலும். ஆகவே, மருத்துவர்கள் டி2 என்று அழைக்கும் வகைப் படத்தில் நீர் நிறைந்த பொருள் வெண்மையாகவும் நீர் குறைந்தது கறுப்பாகவும் தெரிகிறது.

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், இளமையில் நடுவில் கூழும் சுற்றிலும் நார் வளையங்களுமாக இருக்கும். நுங்கை நினைத்துக்கொள்ளலாம், சுற்றியுள்ள பகுதி இன்னும் முறுக்கமானது என்பதைத் தவிர. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் இரத்தக்குழாய்கள் ஏறத்தாழ இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகளின் வழியே கசிந்து வருவதுதான் அதன் உணவு. பகலெல்லாம் நம் பாரத்தைத் தாங்கி நீரை இழக்கிறது, இரவில் படுக்கும்போது உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் நாம் ஒவ்வொருவரும் மாலையில் காலையைவிட ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் குள்ளமாகிறோம். ஆண்டுகள் செல்லச்செல்ல நடுக்கூழ் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. படத்தில் வெள்ளை டிஸ்க் கறுப்பு டிஸ்க் ஆகிறது. தலைமுடிக்கு நேர் எதிரான வண்ண மாற்றம், நிகழ்ச்சி ஒன்றுதான். ஆண்டுகள் பல சென்றும் தமக்கு நரையில்லாதது ஏன் என்று புறநானூற்றில் காரணம் சொன்ன பிசிராந்தையாரை இந்தக் காந்தக் குகைக்குள் படுக்கவைத்திருந்தால், தலையில் தோன்றாத நரை அவர் இடுப்பில் தோன்றியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இது வெறும் உவமையல்ல. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் இடுப்பு வலி இல்லாத 98 பேர். அவர்களில் 52 சதவிகிதத்தினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எல்லா டிஸ்க்குகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 சதவிகிதம் மட்டுமே. பின்னர் 2015இல் இத்தகைய 33 ஆய்வுகளை, வலியற்ற 3,110 பேரின் படங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதினரிலேயே 37 சதவிகிதத்தினருக்கு டிஸ்க் முதிர்வின் அடையாளம். ஐம்பது வயதில் 80 சதவிகிதம். எண்பது வயதில் 96. பிதுக்கமும் அப்படியே: இருபதில் 30 சதவிகிதம், ஐம்பதில் 60, எண்பதில் 84. என் அக்காவின் தெருவில் அவள் வயதொத்த, எந்த வலியுமில்லாமல் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் பெண்களை வரிசையாகப் படம் எடுத்தால், பலரின் அறிக்கைகள் அவளுடையதைப் போலவே இருக்கும்.

இதைக் கேட்டவுடன் மறுமுனைக்குத் தாவிவிடுபவர்களும் உண்டு: படத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று. அதுவும் சரியல்ல. அதே 2015இல் அதே ஆய்வுக் குழுவினர் ஐம்பதும் அதற்குக் கீழும் வயதுள்ளவர்களை ஒப்பிட்டபோது, வலி உள்ளவர்களிடம் இந்த மாற்றங்களில் பல கூடுதலாகவே காணப்பட்டன. தொடர்பு உண்டு. ஆனால் ஒரு தனி மனிதரின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வலி இதனால்தான் என்று சுட்டுவதற்கு அந்தத் தொடர்பு போதாது.

வகுப்பறையில் நான் அவ்வப்போது செய்யும் ஒரு பயிற்சி நினைவுக்கு வருகிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்றைத் துறைக்குறிப்பை மறைத்து மாணவர்களிடம் கொடுப்பேன். யார், யாரிடம், எந்த வேளையில் சொல்வது என்று தெரியாமல் வாசிக்கும்போது ஒருவருக்கு அது காதலின் பெருமிதமாகத் தெரியும், இன்னொருவருக்குப் புலம்பலாகத் தெரியும். தலைவி சொல்லும் 'வாழ்க' வேறு, பரத்தை சொல்லும் 'வாழ்க' வேறு. குறிப்பைத் திறந்து காட்டியதும் அதே சொற்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். துறைக்குறிப்புகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை, அவற்றை நம்பலாமா என்ற வாதம் தனி. ஆனால் கூற்று இன்னாருடையது என்ற உணர்வின்றி அகப்பாடலை வாசிக்க முடியாது. எம்.ஆர்.ஐ. அறிக்கை துறைக்குறிப்பு இல்லாத பிரதி. இந்த வயதில் இது எவ்வளவு பேருக்கு இருக்கும், இவர் சொல்லும் வலி எந்த வழியாக ஓடுகிறது, காலில் பலம் குறைந்திருக்கிறதா என்பவையெல்லாம் அறிக்கைக்கு வெளியே இருக்கின்றன. படத்தை விளக்கி எழுதும் மருத்துவர் பெரும்பாலும் நோயாளியைப் பார்த்ததே இல்லை.

உரைவேறுபாடும் இங்கே உண்டு. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. அமெரிக்காவில் அறுபத்துமூன்று வயதுப் பெண் ஒருவரை மூன்று வார இடைவெளிக்குள் பத்து வெவ்வேறு மையங்களில் படம் எடுக்கச் செய்து, பத்து அறிக்கைகளையும் ஒப்பிட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வு அது. பத்திலுமாகச் சேர்த்து 49 வெவ்வேறு குறைகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பத்து அறிக்கைகளிலும் இடம்பெறவில்லை. பதின்மர் உரையிலாவது மூலம் ஒன்றுதான் என்று ஆறுதல் கொள்ளலாம். இங்கும் மூலம் ஒரே முதுகுதான்.

அக்காவை மிகவும் அச்சுறுத்தியது அந்த உறை அழுத்தம். தண்டுவடமே நசுங்குகிறது என்று புரிந்துகொண்டிருந்தாள். கால் விளங்காமல் போய்விடும் என்று இரவில் விழித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வளர்ந்தவர்களின் தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே உறைக்குள் இருப்பவை குதிரை வால் போலத் தொங்கும் நரம்பு வேர்களும் அவற்றைச் சூழ்ந்த நீரும்தான். எல்4-எல்5 மட்டத்தில் நசுங்குவதற்குத் தண்டுவடம் இல்லை. நீர் நிறைந்த உறையின் மீது விரலால் மெல்ல அழுத்தினால் விழும் குழிவைப் போன்ற ஒன்றைத்தான் அறிக்கை சொல்கிறது. இந்தச் செய்தியைக் கேட்ட இரவு அவள் தூங்கினாள் என்று மாமா சொன்னார்.

படமும் உடம்பும் பொருந்திப் பேசும் சந்தர்ப்பங்கள் உண்டு. டிஸ்க்கின் நடுக்கூழ் நார் வளையத்தைப் பிளந்து வெளியே வந்து ஒரு நரம்பு வேரைத் தொட்டால், வலி இடுப்பைவிடக் காலில் அதிகமாக இருக்கும். அந்த நரம்புக்குரிய பாதையில் மின்னல் போல் இறங்கும். ஐந்தாம் இடுப்பு நரம்பானால் காலின் வெளிப்புறமாக ஓடிப் பாதத்தின் மேற்புறத்தை அடையும். பெருவிரலை நிமிர்த்தும் பலம் குறையலாம். அப்போது படம் அதே பக்கத்தில் அதே மட்டத்தைக் காட்டினால் அது சாட்சி. பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934இல் இந்தத் தொடர்பை எழுதினார்கள். அதிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு குற்றவாளியின் புகழ் வந்துவிட்டது, செய்யாத குற்றங்களுக்கும் சேர்த்து. ஆச்சரியம் என்னவென்றால், வெளியே வந்த துண்டுகளில் பல தாமாகவே சுருங்கிப்போகின்றன. சிறு பிதுக்கங்களைவிட, முற்றிலும் பிரிந்து விழுந்த பெரிய துண்டுகளே அதிகமாக மறைகின்றன. உடம்பு அவற்றை அந்நியமாகக் கருதி அரித்துத் தின்றுவிடுகிறது. செருப்போ டயரோ இப்படிச் செய்வதில்லை.

படமே வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால், அல்லது சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டால், இரு தொடைகளுக்கும் இடைப்பட்ட பகுதி மரத்துப்போனால், காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் அது அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய நிலை. காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய், விழுந்து பட்ட அடி ஆகியவற்றோடு வரும் முதுகு வலியும் அப்படியே தேடிப் பார்க்கப்பட வேண்டியது. நம் நாட்டில் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முள்ளெலும்பையும் அரிக்கிறது. இவற்றைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ.யைப் போன்ற கருவி வேறில்லை. இவை ஏதுமில்லாத சாதாரண இடுப்பு வலிக்கு உடனே படம் எடுப்பதால் வலியோ நடமாட்டமோ மேம்படவில்லை என்று 2009இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது.

அக்காவை ஒரு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உறையை மேசையின் ஓரத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, குதிகாலால் நடக்கச் சொன்னார், முன்விரல்களால் நடக்கச் சொன்னார், படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்தினார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பஞ்சால் பாதத்தைத் தொட்டார். பத்து நிமிடத்துக்குப் பிறகே படத்தைக் கையில் எடுத்தார். நரம்பு நன்றாக இருக்கிறது, நடங்கள், குனியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கனமும் தூக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்: "அப்போ எனக்கு வலிக்கிறது எதனாலே?"

இதற்கு விடை சொல்வது கடினம். இடுப்பு வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இன்ன தசை, இன்ன மூட்டு என்று உறுதியாகச் சுட்ட மருத்துவத்தால் இயலவில்லை. தூக்கமின்மை, அச்சம், பல மணிநேரம் தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரே வாக்கில் உட்காருதல், உடம்பின் எச்சரிக்கை மணி அளவுக்கு மீறிக் கூர்மையாதல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் அவள் கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. இரண்டு மாதம் அவள் வலிக்கிறது என்று சொன்னபோது வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறை வந்த பிறகுதான் மாமா தண்ணீர் பிடித்தார், மருமகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். படத்தில் தெரிகிறதே. ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு ஒரு கறுப்புப் படலத்துக்குக் கிடைத்தது. அந்தப் படலம் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை என்று நான் விளக்கிக்கொண்டு போனபோது, அவளிடமிருந்த ஒரே சாட்சியை நான் கலைத்துக்கொண்டிருந்தேன். 'ஒன்றுமில்லை' என்ற சொல் தேய்மானத்தைவிடக் கொடியதாகிவிடக் கூடும். ஆகவே அன்று மாலை மாமாவையும் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசினேன். வலி மெய். படம் அதன் அளவுகோல் அல்ல. அவள் நடமாடத் தொடங்குவது வலி போய்விட்டது என்பதற்கு அத்தாட்சியுமல்ல, தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிடாதீர்கள். மாமா சிரித்தார். தண்ணீர் பிடிப்பது இன்றும் தொடர்கிறதாம். பேரன் மறுபடியும் இடுப்பில் ஏறிவிட்டான். வலி வந்துபோய்க்கொண்டிருக்கிறது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் செய்து 2021இல் ஐரோப்பிய முதுகெலும்பு இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் முக்கியமானது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறிக்கையில் உள்ள அத்தனையும் விளக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு, படம் இயல்பாக இருக்கிறது, இருப்பவை வயதுக்குரிய மாற்றங்களே என்று சொல்லப்பட்டது. சிகிச்சை ஒன்றே. ஆறு வாரங்களில், முழு விவரமும் கேட்டவர்கள் தம் முதுகைப் பற்றி மோசமாக எண்ணினார்கள். அவர்களது வலியும் செயல்திறனும் மற்றவர்களின் அளவுக்கு மேம்படவில்லை. சொற்கள் வலித்தன என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அறுவை மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர்: அதே படங்களுக்கு அச்சமூட்டாத சொற்களில் அறிக்கை எழுதிக் கொடுத்தபோது, நோயின் கடுமையைப் பற்றிய அவர்களது மதிப்பீடும் குறைந்தது. ஆனாலும் நோயாளியிடம் விவரத்தை மறைத்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முழுப் பாடலையும் கொடுங்கள், துறைக்குறிப்போடு கொடுங்கள் என்பதே என் கட்சி.

அப்படிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். வலியற்றவர்களிடம் இம்மாற்றங்கள் எவ்வளவு பரவலானவை என்ற சிறு குறிப்பை அறிக்கைகளின் கீழே சேர்த்து, அமெரிக்காவில் சுமார் 2,40,000 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2020இல் வந்தது. பின்தொடர்ந்த மருத்துவச் செலவினத்தில் மொத்தமாகப் பெரிய மாற்றம் ஏதுமில்லை. ஓபியாய்டு வகை வலிமருந்துகளை எழுதிக்கொடுப்பது மட்டும் சிறிது குறைந்தது. அந்தக் குறிப்பை மருத்துவர்கள் வாசித்தார்களா, நோயாளிகள் வாசித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் ஊர் அறிக்கையில் சேர்த்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

அதனால் அக்காவின் அறிக்கையின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தேன். மூன்று வரிதான், ஒரு மாலை முழுவதும் பிடித்தது. 'சிதைவு' என்று கலைச்சொல் அகராதியில் இருக்கும் சொல்லை முதலில் அடித்தேன்; அது தேய்மானத்தைவிடப் பயங்கரம். 'முதிர்வு' என்று எழுதினேன். 'சாதாரணம்' என்ற இடத்தில் அவள் வலியைச் சாதாரணம் என்பது போல ஒலித்ததால் 'பலருக்கும் இருப்பது' என்று மாற்றினேன். பாடநூல்களில் டிஸ்க்குக்கு 'இடைவட்டு' என்றிருக்கிறது. அக்காவிடம் கேட்டேன். அது என்ன, கிராமபோன் தட்டா என்றாள். டிஸ்க் என்றே விட்டுவிட்டேன்.